புது சிங்க் போட்டபின் வரும் தொல்லைகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

கல் வெட்டியாயிற்று, சிங்க் உட்கார்ந்தாயிற்று, டேப்பும் மாட்டியாயிற்று. பிளம்பர் கூலி வாங்கிக்கொண்டு போன மறுநாள் காலையில் பார்த்தால், அடியில் வைத்த அரிசி டப்பா நனைந்திருக்கிறது. உடனே பலரும் செய்வது, கைக்கு எட்டுகிற நட்டை எல்லாம் இன்னும் ஒரு சுற்று இறுக்குவது. அதை மட்டும் செய்யாதீர்கள். அளவுக்கு மேல் இறுக்கினால் பிளாஸ்டிக் நட் விரிசல் விடும், ரப்பர் வாஷர் பிதுங்கி ஒரு பக்கமாக ஒதுங்கும். ஒரு ஒழுக்கு இரண்டாகிவிடும்.

எந்தத் தொல்லையானாலும் அது எப்போது வருகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. சிங்க் சும்மா இருக்கும்போதா, டேப் ஓடும்போதா, தண்ணீர் தேங்கி நிற்கும்போதா, வடியும்போதா? இதைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. “சிங்க் ஒழுகுதுங்கண்ணா” என்று மட்டும் போனில் சொன்னால் பிளம்பர் கடைச் சாமான் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். “ரொப்பி வெச்சா ஒழுகலீங்க, தொறந்து விட்டாத்தான் ஒழுகுது” என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு வாஷரோடு வந்து வேலையை முடித்துவிட்டுப் போவார்.

சேலத்துப் போர் தண்ணீரையும் ஏற்காட்டுப் பனியையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மற்ற ஊர்க்காரர்கள் அந்த இரண்டையும் விட்டுவிட்டுப் படிக்கலாம்.

அடியில் தண்ணீர் சொட்டுகிறது

சிங்குக்கு அடியில் உள்ள சாமானை எல்லாம் வெளியே எடுங்கள். பைப், ட்ராப் (கழிவு பைப்பில் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கிச் சாக்கடைக் காற்றைத் தடுக்கும் பாகம்), ஆங்கிள் காக் (சுவரிலிருந்து டேப்புக்கு வரும் தண்ணீரைத் திறந்து மூடும் சிறு குழாய்), கல்லின் அடிப்பாகம் எல்லாவற்றையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத் தரையில் பழைய தினத்தாளை விரியுங்கள். தாளில் சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நம்பிவிட வேண்டாம். தண்ணீர் பைப்பின் மேலேயே வழிந்து வந்து தாழ்ந்த இடத்தில்தான் சொட்டும். டிஷ்யூ தாளை மேலிருந்து கீழாக ஒவ்வொரு இணைப்பிலும் ஒற்றிக்கொண்டே வாருங்கள். முதலில் எங்கே நனைகிறதோ அதுதான் ஊற்று.

ராத்திரி முழுக்க யாரும் சிங்க் பக்கமே போகவில்லை, காலையில் தாள் நனைந்திருக்கிறது என்றால் கழிவு பைப்பைத் தொடவே வேண்டாம். அது தண்ணீர் வரும் பக்கத்துக் கோளாறு. ஆங்கிள் காக்கை மூடிப் பாருங்கள். சொட்டு நின்றால், காக்குக்கும் டேப்புக்கும் நடுவே உள்ள கனெக்‌ஷன் பைப்பில் கோளாறு. மூடியும் நிற்கவில்லை என்றால் ஆங்கிள் காக் சுவரில் ஏறும் மரையில் (திருகு வரியில்) கோளாறு. கனெக்‌ஷன் பைப்பின் நட்டுக்குள்ளே ரப்பர் வாஷர் இருக்கும். அது சரியாக உட்கார்ந்தாலே தண்ணீர் நிற்கும், அங்கே டெஃப்ளான் டேப் (மரையில் சுற்றும் மெல்லிய நாடா) சுற்றத் தேவையில்லை. சுற்றினால் நட் முழுதாக ஏறாமல், வாஷர் அழுந்தாமல் போவதும் உண்டு. ஆங்கிள் காக் சுவரில் ஏறும் மரைக்கோ டெஃப்ளான் டேப் கட்டாயம். மரையின் முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் திருகும்போதே டேப் உருண்டு வெளியே வந்துவிடும்.

அடுத்து, சிங்க்கின் வாயை அடைத்துப் பாதி அளவு தண்ணீர் நிரப்புங்கள். கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். இப்போதே சொட்டினால் குற்றம் வேஸ்ட் கப்ளிங்கில். சிங்க்கின் ஓட்டையில் உட்காரும் ஜாலியும் (சல்லடைத் தட்டு), அடியிலிருந்து பிடிக்கும் கிண்ணமும் நடுத்திருகால் சேரும் இடம் அது. புதுச் சிங்க்கில் இங்கேதான் ஒழுக்கு அதிகம் பார்க்கிறேன். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். வாஷர் மடிந்தோ, இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமலோ இருக்கும். தடித்த ரப்பர் வாஷரின் இடம் சிங்க்கின் அடித்தகட்டுக்கும் கீழ்க் கிண்ணத்துக்கும் நடுவே. சில கப்ளிங்கில் மேலே ஜாலிக்கு அடியில் மெல்லிய வாஷர் ஒன்றும் வரும். இரண்டாவது காரணம், இரைச்சலைக் குறைக்கச் சிங்க்கின் அடியில் அடித்திருக்கும் சாம்பல் நிறப் பூச்சு. அது ஓட்டையின் விளிம்புவரை வந்து திட்டுத் திட்டாக இருந்தால் ரப்பர் எப்படிச் சமமாக உட்காரும்? விளிம்பைச் சுற்றி அந்தப் பூச்சைச் சுரண்டித் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள். மூன்றாவது, கப்ளிங்கும் ஓட்டையும் ஒரே அளவாக இல்லாதது. இதற்குச் சிலிக்கான் அடைத்து ஒப்பேற்றுவது வீண், சரியான அளவு கப்ளிங் வாங்க வேண்டியதுதான்.

நிரப்பி வைத்தால் சொட்டவில்லை, திறந்து விட்டதும் சொட்டுகிறது என்றால் கப்ளிங்குக்குக் கீழே உள்ள இணைப்புகளைப் பாருங்கள்: பாட்டில் ட்ராப்பின் மேல் நட், அடிக்கிண்ணம், சுவருக்குப் போகும் கிளை. அவிழ்த்து, வாஷரில் ஒட்டிய மணலைக் கழுவிவிட்டு மறுபடி பூட்டுங்கள். கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று போதும். வாஷரின் சரிந்த பக்கம் எதை நோக்கியிருந்தது என்று அவிழ்க்கும்போதே பார்த்து வையுங்கள். அது தலைகீழானால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

இன்னும் குழப்பமாக இருந்தால் ஒரு எளிய வழி உண்டு. நிரப்பிய தண்ணீரில் கொஞ்சம் காபி டிகாக்‌ஷன் ஊற்றி, டேப்பைத் திறக்காமல் சிங்க்கின் வாயை மட்டும் திறந்து விடுங்கள். தாளில் பழுப்பாக விழுந்தால் கழிவு பக்கம். தெளிந்த தண்ணீராக விழுந்தால் டேப் பக்கம்.

பாத்திரம் கழுவும்போது மட்டும் ஈரமாகிறது, மேலே சொன்ன சோதனைகளில் எல்லாம் தாள் காய்ந்தே இருக்கிறது என்றால் கல்லும் சிங்க்கும் சேரும் விளிம்பையோ டேப்பின் அடியையோ சந்தேகப்படுங்கள். ஒரு துணியை நனைத்து விளிம்பு நெடுகப் பிழிந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

சொட்டு இருக்கிறது, ஒழுக்கு இல்லை

ஏற்காட்டுக்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நிறைய அலைச்சல் மிச்சம். 1,500 மீட்டர் உயரத்தில், பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும் மாதங்களில், குளிர்ந்த தண்ணீர் ஓடிய எஃகுத் தகட்டின் அடியில் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படியும். அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருந்தால் இன்னும் அதிகம். அடித்தகடு முழுக்கப் பரவலாக வேர்த்திருக்கும், எந்த இணைப்பையும் சேர்ந்து இருக்காது. ஒழுக்கையும் வேர்வையையும் பிரித்தறிய இதுதான் அடையாளம். துடைத்துவிட்டுக் கதவைத் திறந்து வையுங்கள், அது போதும். பிளைவுட் அலமாரி என்றால் மட்டும் கவனம் வேண்டும். அடிப்பூச்சு இல்லாத மலிவு சிங்க் இப்படித் தினமும் வேர்த்தே பலகையை ஊதவைத்துவிடும்.

தண்ணீர் மெதுவாக வடிகிறது, களக் களக்கென்று சத்தம்

பழைய சிங்க் சரியாக வடிந்தது, புதிதில் மட்டும் மெதுவாகிறது என்றால் அடைப்பைத் தேடுவதற்கு முன் பைப் போகும் வழியைப் பாருங்கள். சுருள் வேஸ்ட் பைப் நீளமாக இருந்தால் வெட்டச் சோம்பல்பட்டு ஏற்காடு மலைப்பாதை மாதிரி வளைத்து வளைத்துத் திணித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒவ்வொரு வளைவிலும் சோறும் எண்ணெயும் தங்கும். தேவையான நீளத்துக்கு வெட்டுங்கள். படுக்கையாகப் போகும் பைப்புக்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். நாலடி தூரத்தில் ஓர் அங்குலம் இறங்கியிருக்க வேண்டும் என்று கணக்கு.

புதுச் சிங்க் பழையதைவிட ஆழமாக இருந்தால் இன்னொரு வம்பு வரும். 7 அங்குல ஆழச் சிங்க்கை எடுத்துவிட்டு 10 அங்குலம் போட்டால் கப்ளிங் மூன்று அங்குலம் கீழே இறங்கிவிடும், சுவரில் உள்ள கழிவு வாய் பழைய உயரத்திலேயே இருக்கும். ட்ராப்பிலிருந்து தண்ணீர் மேடேறிப் போக வேண்டியதாகிவிடும். சிங்க்கில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்றால் இதைத்தான் முதலில் அளந்து பாருங்கள். சுவர் வாயைத் தாழ்த்துவதைத் தவிர வேறு வழி கிடையாது. எந்த மருந்து ஊற்றினாலும் தண்ணீர் மேடேறாது.

களக் களக்கென்ற சத்தம் காற்றுப் போக வழியில்லை என்பதற்கு அறிகுறி. சிங்க்குக்கு அடியில் பாட்டில் ட்ராப், அந்தத் தண்ணீர் போய் விழும் இடத்தில் நஹானி ட்ராப் (தரை ஓட்டையில் இருக்கும் ட்ராப்) என்று இரண்டும் வெளிக்காற்றுப் புகாதபடி மூடிய பைப்பால் சேர்ந்திருந்தால், நடுவில் சிக்கிய காற்று தண்ணீரைத் தடுக்கும். ஒன்று போதும். நஹானி ட்ராப்புக்கு மேலே பைப்பைத் திறந்த வாயாக விட்டிருந்தால் பிரச்சினை இல்லை.

அடைப்பு என்றால் நம்மூரில் அதற்குப் பெரும்பாலும் மாவுச்சத்துதான் காரணம். சேலத்தில் கோடைக்கு ஜவ்வரிசி வடாம் போடாத வீடு குறைவு. கூழ் காய்ச்சிய பாத்திரத்தை அப்படியே சிங்க்கில் கழுவினால், சூட்டில் ஓடிப்போகும் கூழ் ட்ராப்புக்குள் ஆறியதும் பசையாக இறுகும். வடிகஞ்சியும் அப்படியே. ஏற்காட்டில் அந்த இடத்தைக் காபிச் சக்கை பிடித்துக்கொள்கிறது. அது கரையவே கரையாது, எண்ணெயோடு சேர்ந்து சேறாகத் தங்கும், செடிக்குப் போடுவதே நல்லது. மாவு அடைப்புக்கு பாட்டில் ட்ராப்பின் அடிக்கிண்ணத்தைத் திருகி எடுத்து, ஒரு பக்கெட்டில் கொட்டிக் கழுவினால் பத்து நிமிட வேலை. காஸ்டிக் பொடியைக் கடைசி வழியாக வையுங்கள். போட்டால் கண்ணுக்கும் கைக்கும் பாதுகாப்பு வேண்டும், அதோடு ஆசிட் எதையும் சேர்த்து ஊற்றக்கூடாது. பொடி போட்டபின் பிளம்பரைக் கூப்பிட்டால் அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். தெரியாமல் ட்ராப்பைத் திறந்தால் அவர் கை வெந்துபோகும்.

சோறு வடித்தால் மட்டும் ஒழுகுகிறது

கொதிக்கும் கஞ்சியை நேரே ஊற்றுவதுதான் காரணம். சாதாரணப் பிவிசி பைப் 60 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும். சூட்டில் விரிந்து, ஆறியபின் சுருங்கி, நட் தளர்ந்துவிடும். ஊற்றும்போதே டேப்பையும் திறந்து வையுங்கள். தினமும் வடிக்கும் வீடு என்றால் பாலிபுரோப்பிலீன் ட்ராப் வாங்கிப் போடுவது மேல், அது சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். மாடு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பத்தியே தேவையில்லை.

நாற்றம், கரப்பான் பூச்சி

ட்ராப் இல்லை, அல்லது ட்ராப்பில் தண்ணீர் இல்லை. இரண்டில் ஒன்று. ட்ராப்புக்குள் சுமார் இரண்டு அங்குலம் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கிறது. சுருள் பைப்பை நேரே தரை ஓட்டையில் செருகிவிட்டுப் போயிருந்தால், பைப்புக்கும் ஓட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் ரப்பர் வளையம் வைத்து அடையுங்கள். விடுமுறைக்கு மட்டும் திறக்கும் ஏற்காட்டு வீடுகளில் ட்ராப் தண்ணீர் மெல்ல ஆவியாகி வறண்டுபோகும். வந்ததும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் சரி. பூட்டிவிட்டுப் போகும்போது ஒரு கரண்டி தேங்காயெண்ணெயை ட்ராப்பில் விட்டால் ஆவியாவது குறையும் என்பார்கள். மலைக்குளிரில் தேங்காயெண்ணெய் உறைந்துவிடும் என்பதால் கடலையெண்ணெய் என் தேர்வு.

டேப்பில் தண்ணீர் ஒல்லியாக வருகிறது

முதலில் டேப்பின் முனையில் உள்ள வலையைக் கழற்றிப் பாருங்கள். புதிதாக மாட்டிய டேப் என்றால் டெஃப்ளான் துணுக்கும் சிமெண்ட் மணலும் அங்கே வந்து உட்கார்ந்திருக்கும். மாதங்கள் கழித்து மெலிந்தால் அது உப்பு. மேக்னசைட் என்ற மக்னீசியத் தாது கிடைக்கும் மலைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் ஊர் நம்முடையது, போர் தண்ணீர் பல இடங்களில் கடினம். வலையை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ராத்திரி ஊறவைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் விட்டுவிடும்.

வலை சுத்தம், ஆங்கிள் காக் முழுதாகத் திறந்திருக்கிறது, இருந்தும் மெலிவு என்றால் உயரத்தைக் கணக்குப் போடுங்கள். டேங்குத் தண்ணீர் டேப்பைவிட பத்து மீட்டர் மேலே இருந்தால்தான் ஒரு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கிடைக்கும். ஒரு மாடி வீட்டில் மொட்டை மாடி டேங்குக்கும் சமையலறை டேப்புக்கும் நடுவே மூன்று நான்கு மீட்டர்தான். அதாவது 0.3, 0.4 பார். இழுத்துவிடும் ஸ்பிரே வைத்த மிக்ஸர் டேப்பெல்லாம் இந்த அழுத்தத்துக்குச் செய்தவை அல்ல. அட்டைப்பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் அச்சிட்டிருந்தால் வாங்குவதற்கு முன்னால் பாருங்கள். சாதாரண கால் சுற்று சிங்க் காக் இதே அழுத்தத்தில் நன்றாகவே ஊற்றும்.

மலையில் இதற்கு நேர் எதிர். மேட்டில் டேங்கு, சரிவில் வீடு. முப்பது மீட்டர் இறக்கம் என்றால் மூன்று பார். டேப்பை மூடியதும் சுவருக்குள் டங்கென்று அடிக்கிறதா? ஆங்கிள் காக்கைப் பாதி மூடிவைத்தால் சிங்க்கில் மட்டுமாவது அடங்கும். வீடு முழுக்க அப்படி என்றால் வீட்டுக்குள் வரும் மெயின் பைப்பில் அழுத்தம் குறைக்கும் வால்வு போட வேண்டும்.

நல்லதண்ணிக் குழாயில் உப்பு கரிக்கிறது

மேட்டூர் தண்ணீர் ஒரு லைன், போர் தண்ணீர் ஒரு லைன் என்று வைத்திருக்கும் வீடுகளில் இப்போது ஒரு பழக்கம் பரவுகிறது. சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர் என்று இரண்டு வாய் உள்ள மிக்ஸர் டேப்பை வாங்கி, ஒரு வாயில் நல்லதண்ணியும் மறுவாயில் உப்புத்தண்ணியும் கொடுத்துவிடுகிறார்கள். பார்க்க அழகு. ஆனால் மிக்ஸருக்குள் இரண்டும் சந்திக்கும் இடம் உண்டு. கைப்பிடி நடுவில் நிற்கும்போதோ உள் கார்ட்ரிட்ஜ் (தண்ணீரைத் திறந்து மூடும் உள்பாகம்) தேய்ந்தபோதோ, அழுத்தம் கூடிய பக்கத்துத் தண்ணீர் மறுபக்க லைனுக்குள் ஏறிவிடும். முறை வைத்து வரும் தண்ணீர் நின்ற நேரத்தில் அந்த லைன் வெறுமையாக இருக்கும், ஏறுவதற்கு இன்னும் சுலபம். இது ருசி மாறுவதோடு போகிற விஷயம் இல்லை. குடிக்கும் தண்ணீரில் சோதிக்காத தண்ணீர் கலக்கிறது. இரண்டு வாயிலும் தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் திரும்பாத் தட்டு வால்வு போடலாம். என்னைக் கேட்டால் மிக்ஸரைக் கழற்றிவிட்டு இரண்டு தனி டேப் வையுங்கள் என்பேன். இதில் நான் யாரோடும் சமரசத்துக்கு வரமாட்டேன்.

புதுச் சிங்க்கில் துரு, வெள்ளைப் படலம்

சேலம் உருக்காலை இருக்கிற ஊரில் எவர்சில்வர் பற்றி ஆளுக்கொரு பேச்சு இருக்கும். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல தகடு என்பது அதில் ஒன்று. 304 என்ற ரகத் தகட்டில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. விலை குறைந்த 202 தகட்டில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். காந்தம் இரண்டிலுமே சரியாக ஒட்டாது. ஆகவே காந்தத்தை நம்பாமல் பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள்.

ஆனால் முதல் வாரத்திலேயே புள்ளி புள்ளியாகத் துரு தெரிந்தால் தகட்டைப் பழிக்க அவசரப்படாதீர்கள். அடியில் தாங்க இரும்பு ஆங்கிள் வெட்டியபோது பறந்த பொறித்தூள் சிங்க்கில் விழுந்து துருப்பிடித்திருக்கும். எலுமிச்சையும் சமையல் சோடாவும் தொட்டுத் தகட்டின் கோடு போகும் திசையில் துணியால் தேய்த்தால் போய்விடும். கம்பி நார் வேண்டாம், அதன் துணுக்கே அடுத்த துரு. உண்மையான கேடு ஆசிட். டைல்ஸ் கறை எடுக்கக் கொத்தனார் ஊற்றும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டின் புகை பட்டாலே தகடு கறுத்துக் குழி விழும், அதைத் திருப்ப முடியாது. ஆசிட் கழுவல் முடிந்தபின் சிங்க்கைப் பொருத்துங்கள்.

வெள்ளைப் படலம் போர் தண்ணீரின் உப்புதான். ராத்திரி துடைத்து உலரவிட்டால் படியாது.

விளிம்பில் சிலிக்கான் பிரிகிறது, சிங்க் இறங்குகிறது

ஈரத்திலோ கல் தூளிலோ எண்ணெயிலோ சிலிக்கான் பிடிக்காது. பழையதைப் பிளேடால் முழுதாக எடுத்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, காய்ந்தபின் வையுங்கள். வினிகர் வாசனை அடிக்கும் வகையைவிடக் கல்லுக்கு நியூட்ரல் வகை நல்லது. 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது. மார்கழி ஏற்காட்டில் இரண்டு நாள் விடுங்கள், குளிரில் மெதுவாகத்தான் இறுகும். வெள்ளைச் சிமெண்டை அந்த இடத்தில் பூசுவதை இனியாவது நிறுத்தலாம். அது வெடிக்கும்.

கல்லுக்கு அடியில் மாட்டும் சிங்க் என்றால் சிலிக்கானை மட்டும் நம்பி விட்டிருக்கிறார்களா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 21க்கு 15 அங்குலம், 9 அங்குல ஆழமுள்ள தொட்டி நிரம்பினால் சுமார் 46 லிட்டர். அதாவது 46 கிலோ. அதன்மேல் ஊறப்போட்ட பாத்திரம் வேறு. இரும்புச் சட்டமோ கல் பட்டையோ கீழே கட்டாயம் தாங்க வேண்டும். சிங்க்குக்கு முன்னால் மிஞ்சும் ஒடுங்கிய கல் பட்டையில் மயிரிழை விரிசல் தெரிந்தால் உடனே முட்டுக் கொடுங்கள், அங்கேதான் கிரானைட் முதலில் உடையும்.

எல்லாம் காய்ந்திருக்கிறது, சுவரின் மறுபக்கம் ஈரம்

இதற்கு மட்டும் பொறுமை வேண்டும். ராத்திரி வீட்டில் எல்லா டேப்பையும் மூடி, டேங்கின் உள்ளே தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். மோட்டார் ஓடக்கூடாது, கழிவறைப் பக்கத்தையும் பயன்படுத்தக்கூடாது. காலையில் மட்டம் இறங்கியிருந்தால் வரும் லைனில் எங்கோ கசிவு இருக்கிறது. டேங்கிலிருந்து சமையலறைக்கு வரும் கேட் வால்வை மட்டும் மூடி மறுநாள் திரும்பப் பார்த்தால் அது சமையலறை லைனா என்பதும் தெரியும். மட்டம் இறங்கவே இல்லை என்றால் சுவருக்குள் போகும் கழிவு பைப். இரண்டு நாள் சிங்க்கை விட்டுவிட்டு வாசல் குழாயில் பாத்திரம் தேய்த்துப் பாருங்கள். ஈரத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்தால் அது சுருங்குகிறதா என்று தெரியும். சுருங்கினால், சுவர் வாயிலிருந்து முதல் எல்போ (பைப் வளையும் இணைப்பு) வரை மட்டும் உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிங்க் மாற்றும்போது பைப்பை ஆட்டியதில் ஒட்டு விடுவது பெரும்பாலும் அந்த எல்போவில்தான்.